நூற்றுப் பதினேழாம் பக்கம்

"என்னால படிக்க முடியலம்மா" என்றார் பூவராகன்.

செம்பாயி அம்மா புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முன்னாடி முடிஞ்சுதா?"

பூவராகனுக்குச் சுருக்கென்றது. அறுபத்து மூன்று வயது. பதினான்கு நாவல்கள். குளியலறை தவிர வீடு முழுக்கப் புத்தகம். அவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"நான் எழுத்தாளர்மா."

"அதான் வந்ததும் சொன்னீங்களே. படிக்க முடிஞ்சுதான்னு கேட்டேன்."

அம்மா ஒரு கை புளியை அள்ளி அவர் பக்கம் தள்ளினார்.

"சும்மா உக்காந்திருக்காம கொட்டைய எடுங்க."

*

பச்சைமலை அடிவாரத்தில் பேர் தெரியாத ஒரு சாமியாரின் சமாதி இருக்கிறது. அதைப் பெருக்கி விளக்கேற்றுகிறவர் செம்பாயி அம்மா. பூவராகனைவிடப் பதினைந்து வயது இளையவர். கல்குவாரியில் ஜல்லி சுமந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து தெரியாது.

உபதேசம் கிடையாது. திருநீறுகூடக் கொடுக்கமாட்டார். வருகிறவர் கையில் எது இருக்கிறதோ அதைப் படித்துக் காட்டச் சொல்வார். கோர்ட் நோட்டீஸ், ஜாதகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஓடிப்போன மகன் எழுதி வைத்த கடிதம், எதுவானாலும் சரி. கடைசி எழுத்து வரை கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடு எழுந்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

பூவராகன் இதையெல்லாம் நம்புகிறவர் அல்ல. இந்த மாதிரி ஆட்களைக் கிண்டல் செய்து ஒரு சிறுகதையே எழுதியிருக்கிறார். ஆனால் கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்றுவிட்டார். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தூக்கம் வந்தது, படிப்பு வரவில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கம் ஓடும். இரண்டாம் பக்கத்தில் கை நடுங்கும். மூடிவிடுவார். நாலு மாதமாக இப்படி.

வேறு வழியில்லாதவன் எங்கேயும் போவான். வந்துவிட்டார்.

*

"எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு லெட்டர் வந்ததுலேர்ந்து."

"இருக்கா?"

சட்டைப் பையில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தது.

"படிங்க."

பூவராகன் படித்தார்.

'மதிப்பிற்குரிய ஐயாவுக்கு, அம்மையப்பனின் அக்கா பொன்னுருவி எழுதிக்கொள்வது. எனக்கு எழுதப் படிக்க வராது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதித் தருகிறார். என் தம்பி ஆடி மாதம் தவறிவிட்டான். வயிற்றில் கட்டி. எனக்கே கடைசி மாதம்தான் தெரியும். அவன் நாவலுக்கு நீங்கள் எழுதிய முன்னுரை வைகாசியில் வந்தது. அன்றைக்கு அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். படிச்சிட்டாருக்கா, அந்தப் பக்கத்தையும் படிச்சிட்டாரு, வருவாரு பாரு என்றான். தினமும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்காருவான். நடக்க முடியாமல் போனதும் கட்டிலை வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னான். நீங்கள் வராதது குற்றமில்லை. பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அவன் சொன்னது எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள். முழுப் புத்தகத்தையும் படித்துக் காட்டச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்ய முடியாது. அந்த ஒரு பக்கத்தை டீச்சரம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.'

புளிக்கொட்டை ஒன்று உருண்டு போய் நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றார் அம்மா.

"தெரியலம்மா."

"படிச்சிட்டாருன்னு எழுதியிருக்கு."

"படிக்கல."

நாற்பது வருஷத்தில் அந்த ஒரு சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

*

விஷயம் இதுதான்.

பூவராகன் நூற்று முப்பத்தேழு புத்தகங்களுக்கு முன்னுரை எழுதியவர். புதிதாக எழுத வருகிறவர்கள் அவரிடம்தான் போவார்கள். அவரும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் பத்துப் பக்கம் படிப்பார். கடைசி ஐந்து பக்கம் படிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் ஒரு விரலை விட்டுத் திறப்பார். திறந்த பக்கத்தின் முதல் வரியை அப்படியே எடுத்து முன்னுரையில் போடுவார். 'இந்த ஒரு வரிக்காகவே இந்த நூலைக் கொண்டாடலாம்' என்று முடிப்பார்.

நடுப்பக்கத்து வரியை எடுத்துக் காட்டிய பிறகு, இவர் படிக்கவில்லை என்று எவன் சொல்வான்?

ஒரு காலத்தில் படித்தவர்தான். இருபத்திரண்டு வயதில், கையில் இருந்த புத்தகத்தில் மூழ்கி, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி நாலு ஊர் போய், நடந்தே திரும்பியவர். எப்போது விட்டது என்று அவருக்கே தெரியாது. பரிசுகள் வந்தன, கூட்டங்கள் வந்தன, புத்தகங்கள் தபாலில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பேர், தேதி, ஊர் எழுதுவார். அட்டையைத் தடவுவார். முகர்ந்து பார்ப்பார். நடுவில் ஒரு சீட்டு செருகி அலமாரியில் நிறுத்துவார். சீட்டு இருந்தால் படித்த புத்தகம் போலத் தெரியும்.

"எல்லாம் படிச்சிட்டீங்களா சார்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

அதற்கென்று ஒரு புன்னகை வைத்திருந்தார்.

அம்மையப்பன் மண்ணச்சநல்லூர்க்காரர். லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு நாவல் எழுதினார். சித்திரையில் அதை அச்சுப் பக்கம் போலவே டைப் செய்து கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். காபிகூடக் குடிக்கவில்லை. பூவராகனுக்கு அவர் முகம் நினைவில் இல்லை. அதுதான் இந்த நாலு மாதமாக அவரை அரித்தது. யார் தனக்காக வாசலில் காத்திருந்தார் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவரிடம் ஒரு முகம் இல்லை.

*

"புத்தகம் இருக்கா?"

"பையில இருக்கு. தொறக்க முடியல."

"எடுங்க. படிங்க."

"கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். வாய்தானே படிக்குது."

பூவராகன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். குரல் கணீரென்று வந்தது. நடுக்கமே இல்லை. 'தமிழ் நாவலின் எல்லைகளை விரிக்கும் இந்தப் படைப்பு, ஒரு தாயின் வற்றாத பாசத்தை...'

அம்மா கையை உயர்த்தினார்.

"யாரு பேசறது?"

"நான்தான். என்னோட முன்னுரை."

"நீங்க எழுதுனத நல்லாவே படிக்கிறீங்களே."

பூவராகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத வைங்க, அப்புறம் பாத்துக்கலாம். அந்தத் தம்பி எங்க ஆரம்பிக்குது?"

*

பூவராகன் சமாதித் திண்ணையிலேயே தங்கிவிட்டார். காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை படிப்பு. அம்மாவுக்குப் புளி. அந்தப் படிப்பில் அவசரம் இல்லை. ஒரு பக்கம் முடிந்தால் ஒரு வாய் தண்ணீர்.

இரண்டாம் நாள் பூவராகனின் கட்டைவிரல் தன் பழைய வேலையைக் காட்டியது. வேண்டுமென்று செய்யவில்லை. மூன்று தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டது.

அவர் படித்துக்கொண்டே போனார்.

"நில்லுங்க" என்றார் அம்மா. "கெணத்துமேட்டுல நின்னவன் எப்படி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்?"

பூவராகன் பார்த்தார். ஆறு பக்கம் விட்டுப் போயிருந்தது.

"தப்பிடுச்சும்மா."

"நீங்க தாண்டிட்டீங்க. அவன் நடந்துதானே வரணும்?"

திரும்பிப் போய்ப் படித்தார். அந்த ஆறு பக்கத்தில் கிணற்றுமேட்டில் நின்றவன் குதிப்பதற்காகத்தான் நின்றான் என்பது இருந்தது. எடைமேடைக்கு லாரி வந்து ஹாரன் அடித்ததால் திரும்பி வந்தான் என்பதும் இருந்தது. பூவராகன் புத்தகத்தை மூடி வைத்தார். அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா திடீரென்று சிரித்தார்.

"என்னம்மா?"

"தாயோட பாசம்னு என்னமோ எழுதியிருந்தீங்களே. அந்தத் தாய்தான் மொத நாள் படிச்சதுலயே புள்ளைங்கள விட்டுட்டுப் போயிருச்சே. அப்புறம் வரவேயில்லையே."

முதல் பத்துப் பக்கத்தில் அந்தத் தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். அதை வைத்து எழுதியது.

"அந்தத் தம்பி இதப் படிச்சிருக்குமே" என்றார் அம்மா.

"படிச்சிருப்பாரு."

"படிச்சும் உங்கள நம்பியிருக்கு."

பூவராகனுக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. அதற்குக் காரணம் வேறு. அது நல்ல நாவல். அதுதான் கொடுமை. அம்மையப்பன் தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தார். லாரி டிரைவர்களின் உறக்கமில்லாத கண்கள், தாயில்லாத வீட்டில் அக்கா தம்பி இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டது, எடைமேடை அறையில் தனியாகக் கழிந்த இருபது வருஷம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பூவராகனுக்கு அடுத்த பக்கத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கை நடுங்கியபடியேதான் இருந்தது. ஆனாலும் புரட்டியது.

*

நான்காம் நாள், வெயில் ஏறுவதற்குள் பாதிப் புத்தகம் தாண்டிவிட்டது.

நூற்றுப் பதினேழாம் பக்கம். நாவலில் மழை. எடைமேடையில் வண்டி எதுவும் இல்லை. எடைக்காரன் ஜன்னலோரம் நிற்கிறான். அதற்குக் கீழே ஒரு பத்தி.

பூவராகன் வழக்கம்போலப் படித்தார்.

'பூவராகன் ஐயா, இங்கே வந்துவிட்டீர்களா?'

நிறுத்தினார். மறுபடி பார்த்தார். அச்சில்தான் இருந்தது.

"ம்" என்றார் அம்மா.

'கதை ஒரு நிமிஷம் நிற்கட்டும். இவ்வளவு தூரம் வந்தவரிடம்தான் இதைச் சொல்ல முடியும். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. டாக்டர் எனக்கு ஆடி வரைதான் நாள் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒருமுறை வந்து போங்கள். இலக்கியம் பேச வேண்டாம். புத்தகத்தைப் பற்றியும் பேச வேண்டாம். சும்மா ஒரு அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். என் எழுத்தைப் படித்த ஒரு ஆளைப் பார்த்துவிட்டுப் போக ஆசை. அச்சுக்குப் போகும் முன் இந்தப் பத்தியை நீங்களே அடித்துவிடுங்கள்.'

பக்கம் அத்தோடு முடிந்திருந்தது.

அம்மாவின் கை புளியில் நின்றுவிட்டது.

பூவராகன் அழுதார். வயதானவர்கள் அழுவது போல, சத்தமில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டே அழுதார்.

"அடிக்காமலே அச்சாயிருச்சா?" என்றார் அம்மா.

"நான் முன்னுரை எழுதுனா அப்புறம் யாரும் பாக்க மாட்டாங்கம்மா. அப்படியே அச்சுக்குப் போயிருக்கு."

"வெளிய வந்தப்புறம்?"

"ஆவணியில வந்துச்சு. ஐந்நூறு பிரதி. பத்திரிகைல மூணு பேரு மதிப்புரை எழுதினாங்க."

"அவங்களும் பாக்கலையா?"

"மூணு பேருமே நான் எடுத்துக் காட்டுன வரியத்தான் எடுத்துக் காட்டியிருந்தாங்க."

அம்மா பெருமூச்சு விட்டார்.

"அப்ப நீங்க அந்தப் பக்கத்தப் படிச்சிட்டீங்கன்னு அந்தத் தம்பி எப்படி நெனைச்சுது?"

"அதாம்மா எனக்கும் புரியல."

"அப்ப மேல படிங்க."

பூவராகன் தாளைப் புரட்டினார்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கம். முதல் வரி.

பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். அந்த வரியைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. மனப்பாடம். மூன்று மதிப்புரைகளிலும் இருந்த வரி. 'இந்த ஒரு வரிக்காகவே இந்த நூலைக் கொண்டாடலாம்' என்று அவர் எழுதிய வரி.

"வண்டியின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருப்பவன்தான் எடைக்காரன்" என்று கண்ணை மூடியபடியே சொன்னார்.

அன்றைக்கு அந்தக் கட்டில் அவர் விரல் விழுந்த இடம் இது. முந்தின தாள் அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்திருக்கிறது. ஒரு தாள்தான். முன்னுரையில் இந்த வரியைப் பார்த்ததும் மண்ணச்சநல்லூரில் ஒருவன் துள்ளிக் குதித்திருக்கிறான். இந்த வரியை எடுத்தவர் இதற்கு மேலே இருந்ததையும் படித்திருப்பார் என்று நினைத்திருக்கிறான். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

"எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. போதும்."

"பாத்துப் படிங்க" என்றார் அம்மா.

"இந்த வரி எனக்குத் தெரியும்மா."

"எனக்கு எழுத்து தெரியாது. ஆனா கண்ணு தெரியுது. கண்ண மூடிக்கிட்டு ஒப்பிக்கிறீங்க. பாத்துப் படிங்க."

பார்த்துப் படித்தார். அந்த வரியை. அதற்கடுத்த வரியை. அதற்கடுத்ததை.

*

ஆறாம் நாள் நாவல் முடிந்தது. எடைக்காரன் கடைசியில் எங்கும் போகவில்லை. கடைசி வண்டியை எடை போட்டு அனுப்பிவிட்டு அறைக்கதவைச் சாத்துகிறான். அவ்வளவுதான் முடிவு.

இந்தக் கடைசி ஐந்து பக்கத்தைப் பூவராகன் முன்பே படித்திருந்தார். 'நம்பிக்கை தரும் முடிவு' என்று முன்னுரையில் பாராட்டியும் இருந்தார். முன்னால் இருந்ததையெல்லாம் படித்துவிட்டு வந்தால் அதில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

புத்தகத்தை மூடினார். கை நடுங்கவில்லை. அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தார். பொன்னுருவியின் முகவரியை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"என்ன?" என்றார் அம்மா.

"அந்த அக்கா பக்கம்தான் கேட்டிருக்காங்க. நூத்திப் பதினேழுன்னு எழுதுனா, படிச்சுப் பாப்பாங்க. நான் படிக்கவே இல்லன்னு தெரிஞ்சுபோகும். தம்பி வாசல்ல உக்காந்திருந்ததெல்லாம் சும்மான்னு ஆயிரும். அதுக்குப் பதிலா எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு, அதான் வர முடியலன்னு எழுதிரலாமான்னு பாக்கறேன். அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்."

"எழுதலாம். முன்னுரை மாதிரி நல்லாவே வரும்."

பூவராகன் பேனாவைக் கீழே வைத்தார்.

சற்றுக் கழித்து மெல்லக் கேட்டார்.

"அப்ப நம்பர மட்டும் எழுதிப் போட்டுரவா? டீச்சரம்மா படிச்சுக் காட்டட்டும்."

"அந்தத் தம்பி டீச்சரம்மாவயா கூப்பிட்டுச்சு?"

மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. அம்மா கொட்டையெடுத்த புளியைக் கூடையில் அள்ளினார். பூவராகன் எடுத்த பங்கைத் தனியாக வைத்து, அதில் கை விட்டுத் துழாவி, அவர் விட்டிருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

பூவராகன் எழுந்தார். கார்டை இரண்டாகக் கிழித்தார். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். மண்ணச்சநல்லூருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் திரும்பினார். கேட்டது வேறு.

"நூத்திப் பதினேழாம் பக்கத்த மட்டும் படிச்சுக் காட்டுனா போதுமாம்மா?"

"முன்னுரையிலேர்ந்து படிங்க" என்றார் செம்பாயி அம்மா.